கதவைக் கழற்றியாச்சு... எங்கே வைப்பது?

அமெரிக்காவில் குளிர் விலகி வெயில் எட்டிப் பார்த்ததும், ஜீப் ரேங்ளர் வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரு சடங்கு தொடங்கிவிடும். முதலில் கூரையைக் கழற்றுவார்கள். அடுத்து கதவுகள். நான்கு பக்கமும் திறந்த வண்டியில் முகத்தில் காற்று அடிக்க, மண் பாதையிலும் மலைப் பாதையிலும் சுற்ற வேண்டும் என்பதற்காகவே அந்த வண்டியை வாங்குகிறவர்கள் அங்கே நிறைய பேர்.

கழற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சரியான கருவியும் கூடப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வீட்டில் குரல் எழும்: "இந்த நாலு கதவையும் இப்போ எங்கே வைக்கப்போறீங்க?"

நியாயமான கேள்விதான். வழக்கமான பதில், கார் ஷெட் சுவர். பழைய போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்துவிடுவார்கள். இரண்டு நாள் எதுவும் ஆகாது. மூன்றாம் நாள் சைக்கிளை எடுக்க வந்த பிள்ளையின் கை பட்டு ஒன்று நகரும். சுவரில் சாய்ந்திருக்கும் கனமான பொருளுக்கு, கீழ்முனை வழுக்கத் தொடங்கிவிட்டால் நிற்கத் தெரியாது. பெயின்ட் போனால் பணத்தோடு போகும். காலிலோ விரலிலோ விழுந்தால்?

இதற்கென்றே சக்கரம் வைத்த ஸ்டாண்டுகள் கடைகளில் விற்கின்றன. நூறு டாலரைத் தாண்டும் விலை. அதனால்தான் அங்கே பலரும் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி, மரக்கட்டை வாங்கிவந்து தாங்களே ஸ்டாண்டு செய்துகொள்கிறார்கள். அந்த ஸ்டாண்டு எப்படி நிற்கிறது, எங்கே தவறும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், ஜீப் இல்லாத வீட்டுக்கும் அது உதவும்.

கதவு ஏன் கழன்று வருகிறது?

சாதாரண காரில் கதவைக் கழற்றுவது மெக்கானிக் வேலை. ஜீப்பில் மட்டும் ஏன் இந்தச் சலுகை? அதற்கு இரண்டாம் உலகப் போர் வரை போக வேண்டும்.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்புக்குக் கதவே கிடையாது. சிப்பாய்கள் குதித்து ஏறவும் குதித்து இறங்கவும் வசதியாகப் பக்கங்கள் திறந்தே இருந்தன. மழைக்குத் தார்ப்பாய். 1945-ல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ மாடல் வந்தபோதும் அதே குணம் தொடர்ந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் தொடங்கிய அந்த வம்சத்தின் இன்றைய வாரிசுதான் ரேங்ளர். இப்போதும் அதே டொலிடோவில்தான் தயாராகிறது.

நமக்கும் இந்த வண்டி அந்நியம் இல்லை. 1947-ல் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் பாகங்களை வரவழைத்துப் பொருத்தி விற்கத் தொடங்கியது இந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். வனத்துறை ஜீப், போலீஸ் ஜீப், தேர்தல் பிரசார ஜீப் என்று நம் ஊர்ச் சாலைகளில் பக்கம் திறந்து ஓடியவற்றுக்கும் அதுவே மூதாதை. ரேங்ளரும் 2021 முதல் புனே அருகே ரஞ்சன்காவ் ஆலையில் பொருத்தப்பட்டு இந்தியாவில் விற்பனைக்கு வருகிறது.

1986-ல் ரேங்ளர் என்ற பெயர் வந்தது. காலம் மாற, கதவுகளும் இரும்பு, கண்ணாடி, பூட்டு, ஒயர், ஸ்பீக்கர் என்று முழுமையாகிவிட்டன. ஆனால், கழற்றும் வசதியை மட்டும் ஜீப் கைவிடவில்லை. கீல்கள் வெளியில் தெரியும்படி இருக்கும். கதவுப் பக்கக் கீலில் உள்ள முளை, வண்டிப் பக்கக் கீலின் துளைக்குள் மேலிருந்து இறங்கி உட்காரும். திருகைக் கழற்றிவிட்டுக் கதவை மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். நம் ஊர்ப் பழைய வீட்டு இரும்பு கேட்டைத் தூக்கிக் கழற்றுவார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

2021 மாடலாகத் திரும்பி வந்த ஃபோர்டு பிராங்கோ இதே விளையாட்டில் இன்னும் ஓரடி முன்னே போனது. அதன் கதவுகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. அதனால் கதவு சின்னதாகிறது. நான்கு கதவு மாடலில், கழற்றிய கதவுகளை உறையில் போட்டு வண்டியின் பின்பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுக் கண்ணாடிகளும் கதவில் இல்லாமல் வண்டியின் உடலில் இருக்கின்றன. கதவு போனாலும் கண்ணாடி போகாது. ரேங்ளரில் இந்த இரண்டு வசதியும் இல்லை. கதவை வீட்டில்தான் விட்டுச் செல்ல வேண்டும். ஆகவே, ஸ்டாண்டு தேவைப்படுகிறது.

முதலில் எடை

ஸ்டாண்டு செய்ய உட்காருகிறவர் முதலில் எடுக்க வேண்டியது ரம்பம் அல்ல, குளியலறையில் இருக்கும் எடை பார்க்கும் மெஷின். கதவைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். வந்த எடையிலிருந்து ஆளின் எடையைக் கழித்தால் கதவின் எடை கிடைக்கும்.

ரேங்ளரின் முன்கதவு, எந்த ஆண்டு மாடல் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 20 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். பின்கதவு கொஞ்சம் குறைவு. 20 கிலோதானே, ஒரு தண்ணீர் கேன் எடைதானே என்று தோன்றும். கேனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். கதவை அப்படித் தூக்க முடியாது. அகலமானது, உடம்பிலிருந்து தள்ளித்தான் பிடிக்க முடியும். தள்ளிப் பிடிக்கப் பிடிக்க முதுகுக்கு வேலை கூடும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பொருள் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக இருக்கும் நிலையில், அதாவது உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், முறுக்கித் திரும்பாமல் தூக்கும்போதே 23 கிலோதான் அதன் உச்ச அளவு. தள்ளிப் பிடித்தாலோ, குனிந்து எடுத்தாலோ அந்த அளவு இறங்கிக்கொண்டே போகும். அப்படிப் பார்த்தால் ரேங்ளரின் கதவு ஒற்றை ஆள் வேலை அல்ல. கீல் பக்கம் ஒருவர், கைப்பிடி பக்கம் ஒருவர் என்று இருவர் தூக்க வேண்டும்.

கழற்றும்போதே பாதி வேலை

ஸ்டாண்டில் கதவு பத்திரமாக இருக்குமா என்பது, அதை எப்படிக் கழற்றினோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும்.

முதலில் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்கிய கண்ணாடி கதவின் உடலுக்குள் பாதுகாப்பாக இருக்கும். கதவின் எடையும் கீழ்ப் பாதிக்கு இறங்கும். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ, ஸ்டாண்டில் அவ்வளவு உறுதியாகக் கதவு நிற்கும்.

அடுத்து ஒயர். கதவிலிருந்து வண்டிக்குள் போகும் ஒயரின் இணைப்பைக் கழற்ற வேண்டும். கதவு அளவுக்கு மீறித் திறக்காமல் பிடித்துவைக்கும் பட்டையையும் விடுவிக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்துவிட்டுக் கதவைத் தூக்கினால், ஒயர் அறுந்துபோகும்.

கடைசியில் கீல் திருகுகள். இவற்றுக்கு நட்சத்திர வடிவத் தலை. 50-ம் எண் டார்க்ஸ் பிட் வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் திருகின் தலை மழுங்கிப்போகும். கழற்றிய திருகுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்தக் கதவுக்கு எது என்று எழுதிவைப்பது நல்லது. ஓடி ஒளிந்துகொள்ளும் சின்னத் திருகு ஒன்றுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையே வீணான வீடுகள் உண்டு.

தட்டு ஸ்டாண்டு சொல்லும் பாடம்

இப்போது ஸ்டாண்டுக்கு வருவோம். இதற்கான வடிவம் எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு!

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கீழ்த் தட்டை எடுக்க எல்லாவற்றையும் தூக்க வேண்டும். சுவரில் சாய்த்தால் சரியும். ஸ்டாண்டிலோ ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடைவெளி. ஒன்றின் பாரம் இன்னொன்றின்மேல் ஏறாது. எதை வேண்டுமானாலும் தனியாக உருவலாம். ஈரமும் வடிந்துவிடும். கதவுக்குத் தேவையானதும் இதே மூன்றுதான்: ஒன்றை ஒன்று தொடக் கூடாது, தனித்தனியாக எடுக்க வர வேண்டும், காற்றோட்டம் வேண்டும்.

ஆக, செய்யப்போவது ஒரு பெரிய தட்டு ஸ்டாண்டு. கம்பிக்குப் பதில் மரக்கட்டை. அடியில் சக்கரம்.

அளவு எப்படி?

கதவின் நீளம், உயரம், தடிமன் மூன்றையும் டேப்பால் அளந்துகொள்ள வேண்டும். தடிமன் அளக்கும்போது உள்பக்கத்தில் கை வைக்கும் பகுதியையும், வெளியே கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கீழே வருவது, ரேங்ளர் கதவுகளை மனதில் வைத்துச் சொல்லும் ஒரு கணக்கு. அவரவர் கதவின் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

அமெரிக்க மரக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 'டூ பை ஃபோர்' கட்டை. பெயரில் 2 அங்குலம், 4 அங்குலம் என்று இருந்தாலும், இழைத்து வரும்போது உண்மையான அளவு ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குலம்தான். அதாவது 38 மில்லிமீட்டர், 89 மில்லிமீட்டர். பெயரை நம்பிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கட்டையிலும் அரை அங்குலம் பிசகும்.

நான்கு கதவுகளுக்கு நான்கு இடைவெளி. ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 100. நான்கு இடைவெளிக்கு ஐந்து தடுப்புகள் வேண்டும். 38 மில்லிமீட்டர் வீதம் ஐந்துக்கு 19 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 119. ப்ளைவுட் ஷீட்டின் அகலம் 4 அடி, அதாவது 122 சென்டிமீட்டர். கச்சிதமாகப் பொருந்துகிறது. அரை ஷீட் ப்ளைவுட்டில் 122-க்கு 100 சென்டிமீட்டர் பலகை ஒன்றை வெட்டினால் ஸ்டாண்டின் அடித்தளம் தயார். முக்கால் அங்குலத் தடிமன் இருக்கட்டும்.

பலகைக்கு அடியில் அதே கட்டைகளால் ஒரு செவ்வகச் சட்டம். நடுவில் குறுக்காக ஒரு கட்டை. சக்கரங்கள் இந்தச் சட்டத்தில்தான் முடுக்கப்பட வேண்டும், வெறும் பலகையில் அல்ல.

பலகையின் மேல், நீளவாக்கில் இரண்டு கட்டைகளைக் குத்தாக நிறுத்தி, அடியிலிருந்து ஸ்க்ரூ போட வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கதவுகளின் அடிவிளிம்பு உட்காரப்போவது இந்த இரண்டு கட்டைகளின்மேல்தான். தண்டவாளம் மாதிரி.

அந்தத் தண்டவாளங்களை ஒட்டி, 60 சென்டிமீட்டர் உயரக் கால்கள். முன்னே ஐந்து, பின்னே ஐந்து. ஒவ்வொரு காலையும் தண்டவாளத்தோடு இரண்டு போல்ட் போட்டு இறுக்கி, அடியில் இரும்பு எல் ஆங்கிள் ஒன்றும் வைக்க வேண்டும். முன்காலையும் அதற்கு நேர் எதிரான பின்காலையும் உச்சியில் ஒரு கட்டையால் இணைத்தால், தலைகீழாகக் கவிழ்த்த 'ப' வடிவத்தில் ஐந்து தடுப்புகள் கிடைக்கும்.

இப்போது தடுப்புகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் ஆடும். அதுதான் இந்த ஸ்டாண்டின் பலவீனமான இடம். பின்கால்கள் ஐந்தையும் உச்சியில் ஒரே நீளக் கட்டையால் இணைக்க வேண்டும். அதோடு பின்புறத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்குச் சட்டம் ஒன்று கொடுக்க வேண்டும். செவ்வகம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது. பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலைக் குறுக்காகக் கட்டுவதும் இதற்குத்தான். பின்புற நீளக் கட்டை, கதவு அதிகம் உள்ளே போகாமல் தடுத்தும் நிறுத்தும்.

எல்லாவற்றையும் கூட்டினால் கட்டையின் நீளம் 20 மீட்டர் சொச்சம். 8 அடிக் கட்டைகள் பத்து வாங்கினால், வெட்டும்போது வீணாவது உட்படப் போதும்.

சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

கதவுகள் நான்கும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் எடை 50 கிலோ. மொத்தம் 140. நான்கு சக்கரம் என்பதால் நான்கால் வகுத்து, ஒன்றுக்கு 35 கிலோ என்று கணக்குப் போடுவது இயல்பு. அங்கேதான் தவறு நடக்கும்.

தரை எங்கும் சமமாக இருக்காது. ஒரு மேடு வந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், பாரம் மற்ற மூன்றின்மேல் விழும். அதனால் மூன்றால்தான் வகுக்க வேண்டும். 47 கிலோ வருகிறது. கொஞ்சம் கூடுதலாக, ஒவ்வொன்றும் 60 கிலோவாவது தாங்கும் சக்கரங்களாக வாங்குவதே சரி. 3 அல்லது 4 அங்குல விட்டம், ரப்பர் சக்கரம், குறைந்தது இரண்டில் பிரேக். சின்னச் சக்கரம் தரையின் வெடிப்பில் சிக்கி நின்றுவிடும். ஸ்டாண்டு நிற்கும், மேலே இருக்கும் கதவு நிற்காது.

பெயின்டைக் காப்பாற்றும் பழைய கார்ப்பெட்

தண்டவாளத்தின்மேல் பழைய கார்ப்பெட் துண்டைச் சுற்றி, பக்கவாட்டில் கீழே ஸ்டேப்ளர் முள் அடிக்க வேண்டும். கதவு தொடும் இடத்தில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது. தடுப்புக் கட்டைகளுக்கு, தண்ணீர்க் குழாய்களின்மேல் சுற்றும் ஸ்பாஞ்ச் உறை போதும். அமெரிக்காவில் பலர் நீச்சல் பழகும் பிள்ளைகள் வைத்திருக்கும் நீளமான நுரைக் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுகிறார்கள். விலையும் குறைவு, ஸ்டாண்டும் பச்சை, மஞ்சள் என்று கலர் கலராக இருக்கும்.

கதவின் கீல் முளைகள் கூர்மையானவை. பக்கத்துக் கதவில் பட்டால் கோடு போட்டுவிடும். அவற்றுக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும். ஒயர் இணைப்பின் வாயில் தூசியும் பூச்சியும் போகாமல் சின்ன பிளாஸ்டிக் பை கட்டலாம். ஆனால், முழுக் கதவையும் பிளாஸ்டிக்கால் மூட வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும். பழைய பெட்ஷீட்டே நல்லது.

எந்தக் கதவு எங்கே?

ரேங்ளரின் முன்கதவுகளில் பக்கவாட்டுக் கண்ணாடி துருத்திக்கொண்டு நிற்கும். அதை நடு இடைவெளியில் விட்டால் பக்கத்துக் கதவை இடிக்கும். ஆகவே, முன்கதவுகள் இரண்டும் இரு ஓரங்களிலும், கண்ணாடி வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். பின்கதவுகள் நடுவில். கால்களின் உயரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓரத்துத் தடுப்புக்கு மேலே கண்ணாடி தொங்க இடம் வேண்டும். கதவை அளக்கும்போதே, அடிவிளிம்பிலிருந்து கண்ணாடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். முதலில் நடுவில் உள்ள இரண்டு. பிறகு ஓரங்கள். இறக்கும்போது ஓரங்கள் முதலில். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறியிருக்கும் நேரம்தான் ஸ்டாண்டு கவிழ வாய்ப்புள்ள நேரம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும். நகர்த்தும்போது மேல்கட்டையைப் பிடித்துத் தள்ளாமல், தாழ்வாகப் பிடித்துத் தள்ள வேண்டும்.

சுவரில் மாட்டினால் என்ன?

இடம் குறைவாக உள்ள வீடுகளில் இதுவும் நல்ல வழிதான். ஆனால், சுவர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால், பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரத்தூண்கள் நிற்கும். பலகையில் மட்டும் ஆணி அடித்துக் கதவை மாட்டினால், ஒரு நாள் ஆணியும் கதவும் சுவரின் துண்டும் சேர்ந்தே கீழே வரும். மரத்தூண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு மூன்று தூண்களில் பிடிக்கும்படி நீளமான கட்டை ஒன்றைப் போல்ட் போட்டு, அதில்தான் கொக்கிகளை அமைக்க வேண்டும். செங்கல் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் போடலாம். பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல் வரை இறங்க வேண்டும்.

கதவை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டிய நிலை வரக் கூடாது. அதற்கு ஏற்பக் கொக்கியைத் தாழ்வாக அமைப்பதே முதுகுக்கு நல்லது.

சோதிக்க வேறு யாரும் இல்லை

கனமான அலமாரிகள் குழந்தைகள்மேல் சாய்ந்து உயிரிழப்பு நேர்ந்தது அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்த துயரம். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் 'ஸ்டர்டி' சட்டம் நிறைவேறியது. 2023 செப்டம்பர் முதல், துணி வைக்கும் அலமாரிகள் கவிழாமல் நிற்கின்றனவா என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை அதில் தொற்றினாலும் நிற்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் அடிப்படை.

வீட்டில் செய்யும் கதவு ஸ்டாண்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சோதித்துப் பார்க்க அதிகாரியும் வரமாட்டார். செய்தவரே சோதிக்க வேண்டும். கதவை ஏற்றும் முன், தண்டவாளங்களின்மேல் பலகை போட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை வைக்கலாம். கேனுக்கு 20 கிலோ. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, கட்டை வளைகிறதா, ஸ்க்ரூ நெகிழ்கிறதா, சக்கரம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்துக் கேன்களை மட்டும் எடுத்துவிட்டு, மேல்கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அடித்தளம் போதவில்லை என்று அர்த்தம். அகலப்படுத்தியே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், ஸ்டாண்டை நிறுத்திய பிறகு ஒரு சங்கிலியால் சுவரோடு இணைத்துவிடுவது நல்லது. நாலு பக்கமும் கட்டை, ஏறிப் பார்க்க வசதியான உயரம். பிள்ளைகளின் கண்ணுக்கு அது ஸ்டாண்டாகத் தெரியாது, ஏணியாகத்தான் தெரியும்.

மாட்டும்போது

கோடை முடிந்து கதவுகளைத் திரும்ப மாட்டும் நாளில் ஒரு சின்ன விஷயம் உதவும். ரேங்ளர் கதவில் மேல்கீலின் முளை, கீழ்க்கீலின் முளையைவிடச் சற்று நீளம். முதலில் மேல் முளையைத் துளைக்குள் காட்டினால், கீழ் முளை தானாக வழிக்கு வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் நுழைக்கப் போராட வேண்டியதில்லை. திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் உடைந்துவிடும். ஒயரை இணைத்து, பட்டையை மாட்டி, கண்ணாடி ஏறுகிறதா, பூட்டு விழுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. கதவைக் கழற்ற வழி செய்து கொடுத்த நிறுவனமே, ரேங்ளரின் கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் தந்திருக்கிறது: கதவில்லாமல் பொதுச் சாலையில் ஓட்ட வேண்டாம், கதவு தரும் பாதுகாப்பு போய்விடும், இந்த வசதி காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்கு மட்டுமே என்கிறது அது. கதவோடு சேர்ந்து பக்கவாட்டுக் கண்ணாடிகளும் போய்விடுவதால், பின்னால் வரும் வண்டி தெரிய வேறு கண்ணாடி பொருத்த வேண்டியிருக்கும். அமெரிக்காவிலேயே இந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. இந்தியாவில் கதவைக் கழற்ற நினைப்பவர்கள், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜீப் இல்லாத வீட்டுக்கு...

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றிச் சுவரில் சாய்த்த மரக்கதவு, பிரித்துப் போட்ட கட்டில் பலகை, மேஜைக் கண்ணாடி, மிச்சம் வந்த கிரானைட் துண்டு... சாய்ந்து நிற்கும் கனமான பொருள் இல்லாத வீடு குறைவு. "ரெண்டு நாள்தானே" என்று வைத்தது ரெண்டு வருஷம் அங்கேயே நிற்கும்.

அவற்றுக்கெல்லாம் சக்கர ஸ்டாண்டு வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும். அடிமுனை வழுக்குமா? யாராவது இடித்தால் எந்தப் பக்கம் விழும்? அந்தப் பக்கத்தில் யார் நடமாடுகிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் 'குழந்தை' என்றால், அந்தப் பொருளை இன்றைக்கே படுக்கப் போட்டுவிடலாம். அல்லது ஒரு கயிறு எடுத்து ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலைதான்.